சிலம்ப ஆசான் ‘இன்னும் காலடி வரல’ என்கிறார், நண்பர் ‘இருக்கிறபடி இரு’ என்கிறார்: யார் பேச்சைக் கேட்பது?

கேள்வி, 2024 ஜூலை 6

வயது 43. மகனைச் சிலம்ப வகுப்பில் விடப் போன இடத்தில், வாசலில் சும்மா நிற்பானேன் என்று நானும் கம்பு எடுத்தேன். மகன் நிறுத்திவிட்டான், நான் நிறுத்தவில்லை. ஆசான் வாரம் தவறாமல் ‘இன்னும் காலடி வரல’ என்கிறார், கால் மாற்றி வைக்கும் முறை பிடிபடவில்லையாம். வீட்டுக்கு வந்தாலும் அதே நினைப்புதான். தூக்கத்தில் கால் மாற்றுகிறேன் என்று மனைவி சொல்கிறாள். தியான வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவர், ‘முன்னேறணும்கிற ஆசைதான் உன் நிம்மதியைக் கெடுக்குது, இருக்கிறபடி உன்னை ஏத்துக்கோ’ என்கிறார். சரி என்று ஒரு மாதம் ஆசையை விட்டுப் பார்த்தேன். நிம்மதி வந்தது, கம்பு போய்விட்டது. இரண்டும் சேர்ந்து இருக்க வழியே இல்லையா?

பதில், ஜூலை 7, காலை

உங்கள் நண்பர் எப்போதாவது கம்பு பிடித்திருக்கிறாரா? கேலிக்குக் கேட்கவில்லை. அவர் உங்களைப் பற்றிப் பேசுகிறார், ஆசான் உங்கள் காலைப் பற்றிப் பேசுகிறார். ‘காலடி வரல’ என்றால் காலடி வரவில்லை, அவ்வளவுதான். அதை ‘நீ லாயக்கில்லை’ என்று மாற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது நீங்கள்தான்.

ஒன்று சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் தொடுமுறை, அதாவது எதிரே ஆளை நிறுத்திக் கம்பால் தொட்டு ஆடுவது, ஆடுகிறீர்களா, தனியாகக் கம்பைச் சுழற்றும் வீச்சு மட்டுமா?

ஜூலை 7, இரவு

வீச்சு மட்டும்தானாம். நினைத்தேன்.

வீச்சில் நம்மை அளப்பது கண். ஆசானின் கண், பக்கத்தில் நிற்கிற பையனின் கண், இப்போது செல்போனின் கண். எல்லாம் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான். அதில் எவ்வளவு முன்னேறினாலும் போதாது, எப்போது வேண்டுமானாலும் ‘போதும்’ என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பிடிமானம் கிடையாது. நீங்கள் ஊசலாடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஆசான் பழைய வழக்கப்படி கம்பு நுனியில் துணியைப் பந்தாகச் சுற்றி, நீரில் குழைத்த திருநீற்றில் தோய்த்துக் கொடுப்பார். ஆடுகிறவர்கள் கறுப்பு பனியன் போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பனியனில் எங்கெங்கே வெள்ளை விழுந்திருக்கிறது என்று எண்ணுவார். தோற்றவன் பழனிக்குப் போய்வந்த மாதிரி நிற்பான்.

எனக்கு விழுந்தது எல்லாம் ஒரே இடம். இடது விலா, அக்குளுக்கு ஒரு சாண் கீழே. யார் எதிரே நின்றாலும் அங்கேதான். ஆசான் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பனியனைப் பார்ப்பார், விலாவில் கம்பால் ஒரு தட்டுத் தட்டுவார், ‘இந்த வாசலை மூடு’ என்பார், அடுத்த ஜோடியைக் கூப்பிடுவார். ஆறுதலும் கிடையாது, திட்டும் கிடையாது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ‘என்னை நான் ஏற்றுக்கொள்கிறேனா’ என்பது மண்டையைக் குடைகிற கேள்வி. விலாவில் வெள்ளை இருக்கிறதா என்பது அப்படி இல்லை. இருக்கிறது. ஏற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான். முன்னேறும் ஆசையையும் அதே இடத்தில் கட்டிப்போடலாம். சிலம்ப வீரனாக வேண்டாம், விலாவை மூடினால் போதும்.

காரணம் தேடியபோது விலாவில் ஒன்றும் இல்லை, காலில் இருந்தது. வலப்பக்கம் வீசும்போது என் இடது பாதம் நேராக முன்னால் பார்த்து நின்றது. பாதம் அப்படி நின்றால் இடுப்பு திரும்பாது. இடுப்பு திரும்பாத குறையை ஈடுகட்ட முழங்கை மேலே போகும். முழங்கை மேலே போனால் விலா திறந்த வீடு. பெருவிரலைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அது பழக்கமாக எவ்வளவு நாளாயிற்று என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது. கடைசியில் விலாவில் விழுவது நின்றது. வலது கெண்டைக்காலில் விழ ஆரம்பித்தது.

ஜூலை 8

திருநீற்றுக் கறை போகுமா என்று கேட்டவருக்கு: காய்ந்ததும் உதறினால் போய்விடும். நெற்றியில் பட்டதைத் துடைக்காமல் வீட்டுக்குப் போனால் மாமியாரிடம் நல்ல பெயர் கிடைக்கும்.

ஜூலை 9

‘அந்தக் காலத்தில் வெள்ளைப் பட்டையைத் துவைக்காமல் கட்டிக் கட்டி, அழுக்கேறிக் கறுத்ததுதான் பிளாக் பெல்ட். அதுதான் உண்மையான முன்னேற்றம், தேடாமல் வருவது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கதை அழகாக இருக்கிறது, ஆனால் அப்படி நடக்கவில்லை.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருடமே இரண்டு மாணவர்களுக்கு முதல் ‘டான்’ தகுதி கொடுத்தார். டான் என்பது தேர்ந்தவர்களுக்கான படிநிலை. கறுப்புப் பட்டையும் அந்தப் பத்தாண்டுக்குள் அவர் வைத்த ஏற்பாடுதான், தகுதி பெற்றவர் யார் என்று பார்த்ததும் தெரிவதற்காக. மனிதர் தொழிலால் வாத்தியார், கல்வி நிர்வாகி. வகுப்பு வகுப்பாக மேலே ஏற்றுவது அவருக்குக் கைவந்த விஷயம். கராத்தேவுக்கு டான் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1924இல், கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சின் கையால். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வரவு. பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி 1930களில் அதைப் பரப்பினார். ஆக, பட்டை யாரிடமும் தானாக வந்து ஒட்டிக்கொண்டதில்லை. ஒருவர் யோசித்து வைத்த படிக்கட்டு அது.

படிக்கட்டில் தப்பில்லை. யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். பள்ளிக்கூட நாளில் நான் போன கராத்தே வகுப்பில் தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள் எல்லோரும் தேறினார்கள். நானும் பச்சை வரை போனேன். மேலே மேலே போகிறோம் என்று மார் நிமிர்ந்துகொண்டே இருந்தது, ஒரு குத்தைத் தடுக்கத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் ஃபுனாகோஷியைப் பாருங்கள். இளமையில் மூன்று கதாக்களை, அதாவது வரிசையாகக் கோத்த அசைவுத் தொடர்களை, கற்கவே பத்து வருடம் ஆனதாகச் சொல்லியிருக்கிறார். பட்டையே இல்லாத காலம் அது. பத்து வருடமும் அவருக்கு ஒருவர் ‘இன்னும் வரல’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார் இல்லையா? கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

இப்போது சில இடங்களில் சிலம்பத்துக்கும் பட்டை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும், சந்தோஷப்படும். நமக்கு எதற்கு?

ஜூலை 10

‘நமக்கு எதற்கு’ என்றதற்கு மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வாங்கிக்கொள்ளுங்கள் சார். வேட்டிக்கு மேலே கட்டினால் நன்றாகத்தான் இருக்கும்.

ஜூலை 14

கேள்வி கேட்டவர் ‘43இல் இதற்கு மேல் உடம்பு வராது என்று ஒப்புக்கொள்வதும் ஏற்பில் சேர்த்தியா’ என்கிறார். இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

என் கால் ஒரு உயரத்துக்கு மேல் பக்கவாட்டில் எழாது. கராத்தே நாளிலிருந்தே அப்படித்தான். சோம்பேறி என்று பெயர் வாங்கினேன், சுவரில் காலை மாட்டி இழுத்தார்கள். ரொம்ப வருடம் கழித்து இயன்முறை மருத்துவர் ஒருவர் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தொடையை அப்படியும் இப்படியும் சுழற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் சட்டென்று முட்டி நின்றது. ‘எங்கே பிடிக்குது, தொடை உள்பக்கமா, இடுக்கிலா?’ என்றார். இடுக்கில், எலும்போடு எலும்பு முட்டுவது போலக் கிள்ளியது. தொடையின் உள்பக்கம் இழுத்தால் அது தசை, நாள்பட நெகிழும், இது கிண்ணத்தின் அமைப்பு, இதோடு மல்லுக்கட்டாதீர்கள் என்றார். இடுப்பு மூட்டின் கிண்ணம் எல்லோருக்கும் ஒரே ஆழத்தில், ஒரே திசையில் இருப்பதில்லையாம். அன்று எனக்கு வந்த நிம்மதி எந்தத் தியான வகுப்பிலும் வந்திருக்காது. காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, தாழ்த்தி அடித்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அதே மருத்துவர் அதே நாளில் இன்னொன்றும் சொன்னார். முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் என்பது மருத்துவத்தில் எல்லோரும் சொல்கிற கணக்கு. ஆனால் பளு தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அந்தச் சரிவு நன்றாகவே குறையும், எழுபதில் ஆரம்பித்தாலும் பலம் கூடும். ‘உங்க தொடை இப்படி இருக்கிறதுக்கு வயசு காரணம் இல்ல, நாற்காலிதான் காரணம்’ என்றார்.

ஒரே இடுப்பு, ஒரே அறை, ஒன்றை விடச் சொன்னார், இன்னொன்றை விடாதே என்றார். ‘இருக்கிறபடி உன்னை ஏத்துக்கோ’ என்கிற மொத்த வியாபாரம் எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். எதை என்று கேட்டுக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கேரளத்தில் இது கர்க்கடக மாதம். களரிக்காரர்கள் எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்துகொள்ளும் காலம். வருடம் முழுக்க மெய்ப்பயிற்சி செய்த உடம்பை மழைக்காலத்தில் படுக்கப்போட்டு, ஆசான் கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலேயே மிதித்து நீவுவார். ஓய்வு என்பது பயிற்சியில் எழுதிவைத்த ஒரு பாடம் அங்கே. ‘இன்னைக்கு மனசு சரியில்ல, என்னை நானே மன்னிச்சு லீவு எடுத்துக்கறேன்’ என்கிற பேச்சுக்கு இடமே இல்லை.

கேரளத்து வடகரையில் களரி ஆசான் மீனாட்சி அம்மா இருக்கிறார், 2017இல் பத்மஸ்ரீ வாங்கியவர். எண்பதைத் தாண்டிவிட்டார், இன்னும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு களத்தில் நிற்கிறார். ஏழு வயதில் ஆரம்பித்தவர். பெண் பிள்ளைகளைப் பூப்பெய்தியதும் நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம், அவர் நிறுத்தவில்லை. அவர் ஆடுகிற வீடியோவில் குதிப்பதைப் பார்க்காதீர்கள், பார்க்க அதிகம் கிடைக்காது. எதிராளி ஓங்கும்போது அவர் கண் எங்கே இருக்கிறது, உடம்பு எவ்வளவு குறைவாக நகர்கிறது என்று பாருங்கள். இருபது வயதில் இப்படி ஆடியிருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன். தேவைப்பட்டிருக்காது.

ஜூலை 29

நேற்று பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஜூடோ பார்த்தீர்களா? ஜப்பானின் அபே உத்தா. முந்தைய தோக்கியோ ஒலிம்பிக்ஸில் அவரும் அண்ணன் ஹிஃபுமியும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். தனிநபர் போட்டியில் பல வருடமாகத் தோற்காதவர். நேற்று இரண்டாம் சுற்றிலேயே உஸ்பெகிஸ்தானின் கெல்தியோரோவா முழுப்புள்ளியில் தூக்கிப் போட்டுவிட்டார். கெல்தியோரோவாதான் கடைசியில் தங்கமும் வாங்கினார். உத்தா மேடையோரத்தில் பயிற்சியாளரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கதறியது அரங்கம் முழுக்கக் கேட்டது. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கூவியது.

‘இவ்வளவு பயிற்சி செய்து என்ன, தோல்வியை ஏற்கத் தெரியவில்லையே’ என்று உடனே இங்கே ஒரு பதிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நடுவரோடு சண்டை போடவில்லை, கால் வழுக்கியது என்று சொல்லவில்லை. விழுந்தது விழுந்ததுதான் என்று அந்த அரங்கில் அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த அழுகை. விழுந்த பிறகு சிரித்துக்கொண்டே ‘பரவாயில்லை, கற்றுக்கொண்டேன்’ என்று தோளைக் குலுக்குகிறவர்களைத்தான் நான் சந்தேகப்படுவேன். எங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறார்.

ஜூலை 31

ஜூடோ என்றதும் நினைவுக்கு வந்தது. ஃபுகுதா கேய்கோ என்று ஓர் அம்மா, 1913இல் பிறந்தவர். கானோவுக்கு இளமையில் ஜுஜுத்சு சொல்லிக்கொடுத்தவர் இவருடைய தாத்தா. அந்த உறவில் கானோவே கூப்பிட்டுப் பயிற்சிக்குச் சேர்த்தார். ஐந்தடிகூட இல்லாத உயரம். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்று கோடோகன் வைத்திருந்ததால் பல்லாண்டு அங்கேயே நின்றார். 1972இல்தான் ஆறாம் டான் கிடைத்தது, அதுவும் மற்றவர்கள் குரல் கொடுத்த பிறகு. கடைசியில் 2011இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் டான் கொடுத்தது. இரண்டு வருடத்தில் போய்விட்டார்.

முன்பு பட்டையைப் பற்றி அலட்சியமாக எழுதியிருந்தேன். இந்த அம்மாவை வைத்துப் பார்த்தால் அந்த அலட்சியம் எனக்கு மலிவாகக் கிடைத்தது என்று தோன்றுகிறது. யாரும் எனக்குக் கதவை அடைக்கவில்லை, அதனால் ‘எதற்குப் பட்டை’ என்கிறேன். அவருக்குத் தன் ஜூடோவின் மேல் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நிம்மதியை வைத்துக்கொண்டே, ஆறாவது டான் என் பாக்கி என்று நினைக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. ‘உள்ளுக்குள் திருப்தி இருந்தால் போதாதா அம்மா’ என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் அது யாருக்கு வசதியான அறிவுரை?

ஆகஸ்ட் 4

மொட்டை மாடியில் தனியாகச் சுற்றும் ஒரு சகோதரி கேட்கிறார்: ‘எதிரே நின்று ஆட எனக்கு ஆள் இல்லை. உங்கள் திருநீற்றுக் கணக்குப்படி எனக்கு ஏற்பும் கிடையாது, முன்னேற்றமும் கிடையாதா?’

நல்ல அடி. பனியன் கணக்கு என்னைப் போல வாதம் பண்ணுகிறவர்களுக்கு நல்ல மருந்து, எல்லோருக்கும் அதே நோய் இல்லை. தனியாகச் சுற்றுகிறவருக்குக் கம்பே சாட்சி சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீராக ‘விர்ர்’ என்று வந்தால் மணிக்கட்டு சரி. ஓரிடத்தில் விட்டு விட்டுக் கேட்டால் அங்கேதான் பிடி மாறும்போது விரல் இறுகுகிறது. காலடிக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு ஆடி முடித்த இடத்தில் நின்று பாருங்கள், கோட்டை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று.

இதை எழுதி அனுப்பியதும் அவர் பதில் போட்டார்: ‘அண்ணா, எனக்கு எதையும் சரிபண்ண வேண்டாம். சமையலை முடிச்சிட்டு மாடிக்குப் போய் அரைமணி நேரம் சுத்தினா தலை லேசாகுது. அவ்வளவுதான்.’

அதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. முன்னேறும் எண்ணமே இல்லாமல் சுற்றுவதும் சிலம்பம்தான், அதை நான் ஏன் நோண்ட வேண்டும்? ஆனால் கேள்வி கேட்டவர் அந்த ரகம் இல்லை. கம்பு போய்விட்டது என்று அவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் இருக்கிறவருக்கு மாடி வைத்தியம் பலிக்காது.

ஆகஸ்ட் 5

எங்கள் வகுப்பில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். ‘சாரி அங்கிள், சாரி அங்கிள்’ என்று சொல்லிக்கொண்டே அடிப்பாள். ஒரு சாரிக்கு ஒரு வெள்ளை. ஜனவரியில் கேலோ இந்தியா போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாக வைத்தார்களே, அதிலிருந்து அவள் அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. பதக்கம், சான்றிதழ், ஒதுக்கீடு என்று ஒரே பேச்சு. அந்தப் பிள்ளை ஒரு போட்டியிலிருந்து வெள்ளிப்பதக்கத்தோடு திரும்பி வந்த அன்று அழுத முகம். ஆசான் பதக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ‘கடைசி ஆட்டத்துல எங்கே பட்டுச்சு?’ என்றார். வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். ‘வா’ என்று கம்பை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் வழக்கம்போல ‘சாரி’ சத்தம் கேட்டது.

43 வயதுக்காரருக்கும் 12 வயதுக்காரிக்கும் ஒரே வைத்தியம் என்பது எனக்கு ஆச்சரியம்தான். அப்பாவுக்கு என்ன வைத்தியம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

கேள்வி கேட்டவர் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆசானிடம் கேட்டுத் தொடுமுறை ஆரம்பித்துவிட்டாராம். மொத்த வெள்ளையும் வலது முன்கையில். ‘காலடி வரலன்னா என்னன்னு இப்பத்தான் தெரிஞ்சுது, பின்வாங்கறதுக்குப் பதிலா கையை நீட்டித் தடுக்கறேன்’ என்று எழுதியிருக்கிறார். தூக்கத்தில் இன்னும் கால் மாற்றுகிறாராம். மாற்றட்டும், இப்போதாவது சரியான பக்கம் மாற்றுகிறாரா என்று மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மாவட்டப் போட்டியில் பெயர் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார். ஜூடோவில் 30 வயதிலிருந்தே மூத்தோர் பிரிவு உண்டு, ஐந்தைந்து வருடமாகப் பிரித்து ஆட விடுவார்கள். இங்கே எல்லாப் போட்டியிலும் அப்படி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கல்லூரிப் பையன் எதிரே வந்து நின்றாலும் நிற்கலாம். பெயர் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் தலைக்கவசம் அவர்கள் தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கம்பைப் புருவ உயரத்துக்கு வெட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், மகனுக்கு வாங்கியதை வைத்துக்கொண்டே ஆடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.